இரண்டு ஜோடி, இரண்டு தங்கம்

ஃபூ ஹைஃபெங் என்ற பெயரைச் சொன்னால் நம்மில் பலருக்குச் சட்டென்று முகம் நினைவுக்கு வராது. ‘23-21’ என்று சொல்லிப் பாருங்கள். மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக் கொண்டிருப்பவர்கூட ஒரு பெருமூச்சு விடுவார்.

2016 ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை இரவு. ரியோ ஒலிம்பிக்கில் பூப்பந்து ஆடவர் இரட்டையர் இறுதியாட்டம். வலையின் இந்தப் பக்கம் நம்முடைய கோ வீ ஷெம் - தான் வீ கியோங். அந்தப் பக்கம் சீனாவின் ஃபூ ஹைஃபெங் - சாங் நான். முதல் செட் 21-16 என்று நமக்கு வந்தது. இரண்டாவது செட் 21-11 என்று அவர்களுக்குப் போனது. மூன்றாவது செட்டில் 20-20. அதன்பின் 21-21.

1956-இல் மெல்பர்னுக்குப் போன நாள் முதல் நாம் தேடிக் கொண்டிருக்கும் ஒலிம்பிக் தங்கம், அந்த நேரத்தில் இரண்டே புள்ளி தூரத்தில் இருந்தது. அந்த இரண்டு புள்ளியையும் சீன ஜோடி எடுத்துக் கொண்டது. 23-21.

அந்த இரவைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். நம் பக்கத்திலிருந்தே பேசினோம். அந்தப் பக்கம் நின்ற 32 வயது மனிதரைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. ஒலிம்பிக் ஆடவர் இரட்டையரில் இரண்டு தங்கம் வென்ற முதல் மனிதர் அவர். அந்த இரண்டையும் இரண்டு வேறு கூட்டாளிகளோடு வென்றார். அது எப்படி முடிந்தது என்று பார்த்தால், இரட்டையர் ஆட்டம் என்றால் என்ன என்பதே கொஞ்சம் புரியும்.

தியோசியூ மண்ணின் பிள்ளை

ஃபூ ஹைஃபெங் பிறந்தது தென் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில், ஜியேயாங் வட்டாரத்தில். பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆனால் ஜொகூர் பாருவிலும் பினாங்கிலும் வாழும் தியோசியூ சீனர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களில் பலருடைய பூர்வீகம் ஜியேயாங், சாவ்சாவ், சுவாத்தாவ் வட்டாரம்தான். நாம் சாப்பிடும் தியோசியூ கஞ்சி அங்கிருந்து வந்தது.

சீனாவில் விளையாட்டு வீரர் உருவாகும் வழி நமக்குத் தெரிந்ததுதான். சிறு வயதிலேயே விளையாட்டுப் பள்ளி, பிறகு மாநில அணி, அதில் தேறினால் பெய்ஜிங்கில் தேசிய அணி. இரட்டையர் ஆட்டக்காரருக்கு இதில் இன்னொரு சங்கதி உண்டு. யாரோடு ஆடப் போகிறோம் என்பதைத் தீர்மானிப்பவர் பயிற்றுநர். சொந்தத் திறமையை வளர்த்துக் கொள்ளலாம். கூட்டாளியை வளர்த்துக் கொள்ள முடியாது, அமைய வேண்டும்.

ஃபூவுக்கு அமைந்தவர் சாய் யுன். ஜியாங்சூ மாநிலத்தின் சூச்சாவ் நகரத்துக்காரர். மூன்றாண்டுகள் மூத்தவர். ஒருவர் தெற்கு, ஒருவர் கிழக்கு. ஊர் வேறு, பேச்சு வழக்கு வேறு. 2000-களின் தொடக்கத்தில் சேர்ந்து ஆடத் தொடங்கிய இவர்கள், லண்டன் ஒலிம்பிக்கையும் தாண்டிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஒரே ஜோடியாக நின்றார்கள்.

சீன ரசிகர்கள் இந்த ஜோடிக்கு ஒரு செல்லப் பெயர் வைத்தார்கள்: ‘ஃபெங் யுன்’. இருவர் பெயரின் கடைசி எழுத்தைச் சேர்த்தால் வரும் ஓசை அது. அதே ஓசையில் சீன மொழியில் ‘காற்றும் மேகமும்’ என்று பொருள்படும் சொல் உண்டு. புகழ்பெற்ற ஹாங்காங் படக்கதை ஒன்றின் பெயரும் அதுதான். பெயர் பொருத்தமாகவே விழுந்தது.

332 கிலோமீட்டர்

ஃபூ ஹைஃபெங் முதலில் பேர் வாங்கியது ஸ்மேஷுக்கு. 2005-இல் பெய்ஜிங்கில் நடந்த சுடிர்மான் கிண்ணப் போட்டியில் அவர் அடித்த ஒரு ஸ்மேஷின் வேகம் மணிக்கு 332 கிலோமீட்டர் என்று பதிவானது. பல ஆண்டுகள் வேகமான ஸ்மேஷ் என்று அதைத்தான் சொல்லிக் கொண்டிருந்தார்கள். பின்னால் நம்முடைய தான் பூன் ஹியோங் 2009-இல் ராக்கெட் சோதனை ஒன்றில் 421 கிலோமீட்டரைத் தொட்டார். 2023-இல் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் 565 வரை போய்விட்டார். ஆனால் அவையெல்லாம் சோதனைக் கூடத்தில் அளந்தவை. ஃபூ அடித்தது போட்டியின் நடுவே, எதிரே இரண்டு பேர் காத்து நிற்கும்போது.

ஐந்து கிராம் சொச்சம் எடையுள்ள, பதினாறு இறகு செருகிய ஒரு பந்து அவ்வளவு வேகத்தில் புறப்பட்டு வருவதை நினைத்துப் பாருங்கள். இறகு காற்றில் விரிவதால் எதிராளியிடம் வந்து சேரும்போது வேகம் பெருமளவு குறைந்துவிடும். குறைந்தும்கூட, யோசிக்க நேரம் இருக்காது. கை தானாக எழுந்தால்தான் உண்டு.

இத்தனை பலம் இருந்தால் போதுமே, கூட்டாளி எதற்கு என்று தோன்றலாம். இங்கேதான் இரட்டையர் ஆட்டத்தின் கணக்கு ஆரம்பமாகிறது.

முன்னால் நிற்பவர் செய்யும் வேலை

பூப்பந்து இரட்டையரில் ஓர் அணி தாக்கும்போது ஒருவர் பின்னால், ஒருவர் வலையருகே நிற்பார். தற்காக்கும்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஒரு புள்ளிக்குள் இந்த அமைப்பு நான்கைந்து முறை மாறும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொண்டிருக்க நேரம் இல்லை.

நல்ல தற்காப்பு உள்ள ஜோடிக்கு எதிராக ஒரே ஸ்மேஷில் புள்ளி கிடைப்பது அபூர்வம். பின்னால் இருப்பவர் மூன்று, நான்கு, ஐந்து முறை தொடர்ந்து அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடியும் எதிராளியின் பதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலவீனமாக்கும். அப்படிப் பலவீனமாக வரும் பந்தை வலையருகே நிற்பவர் பாய்ந்து முடித்து வைப்பார். இன்னொன்றும் உண்டு. எதிராளி பந்தை உயரத் தூக்கினால்தானே ஸ்மேஷ் அடிக்க முடியும்? அப்படித் தூக்க வைப்பதே முன்னால் நிற்பவரின் வேலை. தாழ்வான சர்வீஸ், வலையை உரசும் தொடுதல், நடுக் களத்தில் வேகமான தட்டு. இதில் தப்பு நேர்ந்தால் பின்னால் இருக்கும் 332 கிலோமீட்டர் ஸ்மேஷுக்கு வேலையே வராது.

வானொலியில் இன்னோர் அறிவிப்பாளரோடு சேர்ந்து நிகழ்ச்சி நடத்துவது என் பிழைப்பு என்பதால் இதை நான் கொஞ்சம் நெருங்கிப் புரிந்து கொள்கிறேன். நேயர்கள் நினைவில் வைத்திருப்பது சிரிக்க வைத்த வரியை. அந்த வரி வருவதற்கு இடம் கொடுத்து, சரியான கேள்வியைத் தூக்கிப் போட்டவரை யாரும் கவனிப்பதில்லை. கூட்டாளி மாறிவிட்டால் தெரியும் சேதி: யார் எங்கே மூச்சு விடுவார், எப்போது நிறுத்துவார் என்பதை முதலிலிருந்து கற்க வேண்டும்.

சாய் யுன் அப்படிப்பட்ட கூட்டாளி. கால் வேகம் மிக்கவர். நடுக் களத்திலும் வலையருகிலும் அவருடைய கை மின்னல் போலப் போகும். ஃபூ பின்னாலிருந்து இடி போல அடிக்க, சாய் முன்னால் நின்று வாசலை அடைப்பார். காற்றும் மேகமும் என்றது இதைத்தான்.

பலனும் வந்தது. 2005, 2009 என இரண்டு முறை அகில இங்கிலாந்துப் பட்டம். உலக வெற்றியாளர் பட்டம் நான்கு முறை: 2006 மாட்ரிட், 2009 ஹைதராபாத், 2010 பாரிஸ், 2011 லண்டன். ஆடவர் இரட்டையரில் ஒரே ஜோடி நான்கு முறை உலக வெற்றியாளர் ஆனது அதுவே முதல் தடவை. தொடர்ந்து மூன்று முறை என்பதும் அதற்கு முன் நடந்ததில்லை. 2004 முதல் 2012 வரை தொடர்ந்து ஐந்து முறை சீனா தோமஸ் கிண்ணத்தைத் தூக்கிச் சென்ற காலமும் இதுதான்.

அந்த நான்கில் ஹைதராபாத் இறுதியாட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். எதிரே தென் கொரியாவின் ஜுங் ஜே-சுங் - லீ யோங்-டே. 21-18, 16-21 என்று ஆளுக்கொரு செட். மூன்றாவது செட் 28-26-இல் முடிந்தது. விதிப்படி 30-க்கு மேல் போகாது. ஏறக்குறைய எல்லை வரை போய், அதற்குச் சற்று முன்னால் சீன ஜோடி வென்றது. ரியோவில் 21-21 என்று வந்தபோது அங்கே நின்ற நால்வரில் இப்படிப்பட்ட கடைசி நிமிடங்களை உலக இறுதியாட்டத்தில் கடந்து வந்தவர் ஃபூ ஒருவர்தான் என்பதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

நமக்கும் அவர்களுக்கும்

இந்த ஜோடியை மலேசியா வென்றதே இல்லையா? வென்றது, நன்றாகவே வென்றது.

2006-இன் இறுதியில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்று திடீரென்று எழுந்து வந்த ஜோடி நம்முடைய கூ கியென் கியெட் - தான் பூன் ஹியோங். பயிற்றுநர் இந்தோனேசியாவின் ரெக்ஸி மைனாக்கி. 1996 அட்லாண்டா இறுதியாட்டத்தில் நம்முடைய சியா சூன் கிட் - யாப் கிம் ஹோக் ஜோடியிடமிருந்து தங்கத்தைப் பறித்த அதே ரெக்ஸிதான். 2007 மார்ச்சில் அகில இங்கிலாந்து இறுதியாட்டத்தில் கூவும் தானும் சாய் - ஃபூ ஜோடியை 21-15, 21-18 என்று நேர் செட்டுகளில் வீழ்த்தினார்கள். 1982-இல் ராசிப் சிடேக் - ஜலானி சிடேக் சகோதரர்கள் வென்றதற்குப் பிறகு 25 ஆண்டுகள் கழித்து அந்தப் பட்டம் நம் நாட்டுக்கு வந்தது.

ஆனால் பெரிய மேடைகளில் கணக்கு மாறியது. 2010-இல் பாரிஸ் உலக வெற்றியாளர் இறுதியாட்டத்தில் முதல் செட்டை நம்மவர்கள் 21-18 என்று எடுத்தார்கள். அடுத்த இரண்டும் 21-18, 21-14 என்று சீனாவுக்குப் போயின. 2012-இல் லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியில் மீண்டும் அதே ஜோடி. 21-9, 21-19. நம்மவர்கள் வெண்கலத்தையும் கொரியாவிடம் விட்டுக் கொடுத்தார்கள்.

சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. நம் ஆடவர் இரட்டையரின் மூன்று பெரிய வாய்ப்புகளின் முன்னால் நின்றது ஒரே மனிதர். 2010, 2012, 2016. பாரிஸிலும் லண்டனிலும் அவர் பக்கத்தில் சாய் யுன். ரியோவில் சாங் நான். நம் பக்கம் ஆள் மாறினார்கள், அவர் பக்கமும் கூட்டாளி மாறினார். அவர் மட்டும் அங்கேயே நின்றார்.

பெய்ஜிங்கில் பட்ட அடி

ஃபூவின் கதை வெற்றி மேல் வெற்றி என்று போகவில்லை. 2004-இல் ஏதென்ஸில் அவருக்குப் பதக்கம் இல்லை. 2008-இல் ஒலிம்பிக் சொந்த நாட்டுக்கே வந்தது.

அந்தப் போட்டியில் சீனாவுக்கு ஒரு பழைய பாக்கி இருந்தது. பூப்பந்தில் எத்தனையோ வென்ற சீனா, ஒலிம்பிக் ஆடவர் இரட்டையர் தங்கத்தை மட்டும் தொட்டதில்லை. 1992 பார்சிலோனாவில் கொரியா, 1996-இல் இந்தோனேசியா, 2000-இல் இந்தோனேசியா, 2004-இல் கொரியா. சீனத் தேசிய அணியின் தலைமைப் பயிற்றுநர் லீ யோங்போவுக்கு இது சொந்த வலி. தியான் பிங்யியோடு சேர்ந்து 1987, 1989 உலக வெற்றியாளர் பட்டங்களை வென்ற அவர், பார்சிலோனாவில் வெண்கலத்தோடு திரும்பினார். அன்று அரையிறுதியில் தோற்ற இரு ஜோடிக்கும் வெண்கலம் கொடுத்தார்கள். இன்னொரு வெண்கலம் யாருக்கு? ராசிப், ஜலானி சிடேக் சகோதரர்களுக்கு. மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். நாம் கொண்டாடிய அதே மேடையில், அதே நிறப் பதக்கத்தோடு லீ யோங்போ ஏக்கத்தில் நின்றிருந்தார்.

பெய்ஜிங் இறுதியாட்டத்தில் சாய் - ஃபூ ஜோடிக்கு எதிரே இந்தோனேசியாவின் மார்கிஸ் கிடோ - ஹென்ட்ரா செத்தியாவான். முதல் செட் 21-12 என்று சீனாவுக்கு எளிதாக வந்தது. அரங்கம் முழுக்கச் சொந்த மக்கள். ஆனால் இந்தோனேசியர்கள் நிதானமாகத் திரும்பி வந்து 21-11, 21-16 என்று முடித்து விட்டார்கள்.

சொந்த மண்ணில், கையில் வந்த தங்கம் கை நழுவிய பிறகு பல ஜோடிகள் உடைந்திருக்கின்றன. உன்னால்தான், என்னால்தான் என்ற பேச்சு வெளியே வராவிட்டாலும் உள்ளே ஓடிக் கொண்டிருக்கும். இந்த ஜோடி அடுத்த மூன்று ஆண்டுகளில் மூன்று உலகப் பட்டங்களை வென்றது. அவர்கள் வாழ்க்கையிலேயே சிறந்த ஆட்டம், அந்தத் தோல்விக்குப் பிறகு ஆடியதுதான்.

2011-இல் மூன்றாவது பட்டத்தை வென்ற இடம் லண்டனின் வெம்பிளி அரினா. ஓராண்டு கழித்து ஒலிம்பிக் பூப்பந்தும் அதே அரங்கில் நடந்தது. டென்மார்க்கின் மத்தியாஸ் போ - கார்ஸ்டன் மோகென்சன் ஜோடியை இறுதியில் 21-16, 21-15 என்று வென்று, சீனாவின் முதல் ஆடவர் இரட்டையர் ஒலிம்பிக் தங்கத்தைச் சாயும் ஃபூவும் கழுத்தில் போட்டுக் கொண்டார்கள். அந்த முறை சீனா ஐந்து பிரிவுகளின் தங்கத்தையும் அள்ளியது. அதே லண்டனில் மகளிர் இரட்டையரில் வேண்டுமென்றே தோற்க முயன்றதற்காகச் சீன ஜோடி ஒன்று உட்பட நான்கு ஜோடிகள் நீக்கப்பட்டதும் நடந்தது. அந்தக் களேபரத்தின் நடுவே நேர்மையாக ஆடிப் பெற்ற தங்கம் இது.

சாய் யுனுக்கு அப்போது 32 வயது. உடல் இனி அதே வேகத்தில் ஓடாது. காற்று நின்றது, மேகம் கலைந்தது என்று எழுதி முடித்துவிடக் கூடிய இடம் இது.

மறுபடியும் அரிச்சுவடி

ஃபூ ஹைஃபெங் முடிக்கவில்லை. அவரிடம் ஒலிம்பிக் தங்கம் இருந்தது, நான்கு உலகப் பட்டம் இருந்தது, தோமஸ் கிண்ணம் இருந்தது. முப்பதை நெருங்கும் ஸ்மேஷ் ஆட்டக்காரருக்குத் தோளும் முழங்காலும் நாள்தோறும் கணக்குக் கேட்கும். இருந்தும் ஆறேழு வயது இளையவரான சாங் நானோடு புதிதாகச் சேர்ந்தார்.

சாங் நான் சாதாரண ஆள் இல்லை. பெய்ஜிங்காரர். சாவ் யுன்லேயோடு சேர்ந்து லண்டனில் கலப்பு இரட்டையர் தங்கம் வென்றவர். கலப்பு இரட்டையரில் ஆண் பெரும்பாலும் பின்களத்தைப் பார்த்துக் கொள்வார், பெண் வலையருகே நிற்பார். ஃபூவோடு ஆடும்போது நிலைமை தலைகீழ். பின்களம் ஃபூவின் ராஜ்ஜியம். சாங் முன்னால் வர வேண்டும். ஃபூவும் பழைய பழக்கத்தை விட வேண்டியிருந்தது. சாய் யுன் எந்தப் பந்தை எடுப்பார், எதை விடுவார் என்று பத்தாண்டுகள் உடம்பிலேயே ஊறிப்போன கணக்கு, புதியவரிடம் செல்லாது. நடுவில் வரும் பந்து யாருடையது என்ற மிகச் சாதாரணக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லாம் உடனே கைகூடவில்லை. 2015 அகில இங்கிலாந்து இறுதியாட்டம் வரை வந்து, லண்டனில் ஃபூ வீழ்த்திய அதே போ - மோகென்சன் ஜோடியிடம் தோற்றார்கள். ரியோவுக்குப் போகும்போது முதல்தர ஜோடி இவர்கள் அல்ல. கொரியாவின் லீ யோங்-டே - யூ யோன்-சியோங்.

அந்த முதல்தர ஜோடியைக் காலிறுதியில் மூன்று செட்டில் வீழ்த்தியவர்கள் யார் தெரியுமா? நம்முடைய வீ ஷெம், வீ கியோங். குழுச் சுற்றில் ஃபூ - சாங் ஜோடியையே அவர்கள் ஒருமுறை வென்றிருந்தார்கள். அரையிறுதியில் இன்னொரு சீன ஜோடியான சாய் பியாவ் - ஹோங் வெய்யை வென்று இறுதிக்கு வந்தார்கள். அதிர்ஷ்டத்தில் வந்தவர்கள் இல்லை என்பதற்கு இந்தப் பாதையே சாட்சி. அதே ரியோவில் சாங் நானுக்கு இரட்டைச் சுமை. கலப்பு இரட்டையரிலும் ஆடி, அரையிறுதியில் தோற்று, வெண்கலத்தோடு இந்த ஆட்டத்துக்கு வந்திருந்தார்.

முதல் செட் நமக்கு வந்தபோது பலர் எழுந்து நின்றுவிட்டோம். இரண்டாவது செட்டில் என்ன நடந்தது? 21-11 என்ற எண்ணிக்கையே சொல்கிறது. சீன ஜோடி பதறவில்லை. மூன்றாவது செட்டில் நம்மவர்கள் மறுபடி சரிக்குச் சரி நின்றார்கள். 21-21 வரை நால்வரில் யார் சிறந்தவர் என்று சொல்ல முடியாத ஆட்டம் அது. அதற்குப் பிறகு மிஞ்சியது இரண்டு புள்ளி. பெய்ஜிங்கில் கைநழுவிய தங்கம், ஹைதராபாத்தில் 28-26, லண்டன் மேடை எல்லாவற்றையும் பார்த்த ஒரு மனிதர் அந்த இரண்டு புள்ளிக்கு அங்கே நின்றார். பக்கத்தில் நின்ற இளையவருக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை எந்தப் புள்ளிப்பட்டியலும் காட்டாது.

அடுத்த நாள் சென் லோங்கிடம் லீ சோங் வெய்யும் தோற்க, ரியோவிலிருந்து பூப்பந்தில் மூன்று வெள்ளியோடு திரும்பினோம்.

கை மாறிய பாடம்

ரியோ தங்கத்தோடு ஃபூ ஹைஃபெங்கின் ஒலிம்பிக் ஆட்டங்கள் முடிந்தன. ஆனால் கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

2017-இல் கிளாஸ்கோ உலக வெற்றியாளர் போட்டியில் ஆடவர் இரட்டையர் பட்டத்தை வென்ற ஜோடியில் ஒருவர் சாங் நான். அவருடைய கூட்டாளி லியூ செங், அவரைவிட இளையவர். ஓராண்டுக்கு முன் மூத்தவரின் பக்கத்தில் நின்று வென்றவர், இப்போது தாமே மூத்தவராக நின்று ஒரு தம்பியை உலக வெற்றியாளர் ஆக்கினார். சாய் யுன், ஃபூ, சாங், லியூ என்று ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் பாடம் போனதை இப்படித் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

எதிர்ப்பக்கம் நின்றவர்களையும் ஒருகணம் நினைக்க வேண்டும். ஹைதராபாத்தில் 28-26 வரை போராடிய ஜுங் ஜே-சுங் 2018-இல் 35 வயதில் மறைந்தார். பெய்ஜிங்கில் ஃபூவிடமிருந்து தங்கத்தை எடுத்துக் கொண்ட மார்கிஸ் கிடோ, 2021 ஜூனில் பூப்பந்து ஆடிக் கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்தார், வயது 36. கிடோவின் கூட்டாளி ஹென்ட்ரா, முகமது அசானோடு சேர்ந்து மேலும் மூன்று உலகப் பட்டங்களை வென்றார். கூட்டாளி மாறியும் உச்சிக்குப் போனவர்கள் என்ற சிறிய பட்டியலில் ஃபூவோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர் அது.

நம் நாட்டுக்கு வருவோம். ரியோவுக்குப் பிறகு சில மாதங்களில் வீ ஷெம் - வீ கியோங் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கு ஏறினார்கள். பிறகு பிரிந்தும் சேர்ந்தும் ஆடினார்கள். அந்த உயரத்தை மறுபடி தொட முடியவில்லை. கூவும் தானும்கூட அப்படித்தான் பிரிந்து சேர்ந்தார்கள். அதற்கு அடுத்த தலைமுறையில் ஆரோன் சியா - சோ வூய் யிக் தோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் வெண்கலம் வென்றார்கள். 2022-இல் தோக்கியோவில் அசான் - ஹென்ட்ரா ஜோடியை வென்று மலேசியாவின் முதல் உலக வெற்றியாளர் பட்டத்தையே கொண்டு வந்தார்கள். தொடக்க காலத்தில் அவர்களைப் பிரிக்க வேண்டும் என்று சொன்ன ரசிகர்கள் கொஞ்சப் பேர் இல்லை. ஒரு போட்டியில் தோற்றால் போதும், முகநூலில் நாமே பயிற்றுநர் ஆகிவிடுவோம்: ‘ஜோடியை மாத்து!’

ஃபூவின் கதையை இரண்டு தரப்பும் தமக்குச் சாதகமாக எடுத்துக் கொள்ளலாம். ஜோடியை மாற்றலாம், மாற்றியும் தங்கம் வெல்லலாம் என்பது உண்மை. ஆனால் முதல் ஜோடி பெய்ஜிங் தோல்விக்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்ததால்தான் முதல் தங்கம் வந்தது. இரண்டாவது ஜோடி அகில இங்கிலாந்துத் தோல்விக்குப் பிறகும் பிரியாததால்தான் இரண்டாவது தங்கம் வந்தது. மாற்றம் ஒரே ஒரு முறைதான். பொறுமை இரண்டு முறையும் தேவைப்பட்டது. இதைத்தான் நாம் எளிதில் மறந்து விடுகிறோம்.

அந்த 23-21-ஐ நாம் இன்னும் ‘தவறிப்போன தங்கம்’ என்றே சொல்லிக் கொண்டிருக்கிறோம். எதிரே நின்றவர் யார், எத்தனை ஆண்டுகள் நடந்து அந்த இடத்துக்கு வந்தவர் என்று தெரிந்த பிறகு, நம் பிள்ளைகள் இருவர் அவரை 21-21 வரை நிறுத்தி வைத்தார்கள் என்று சொல்வதே பொருத்தம். அந்த வெள்ளிக்கு அந்த மரியாதையை நாம் கொடுக்கலாம்.

அடுத்த முறை தொலைக்காட்சியில் இரட்டையர் ஆட்டம் பார்க்கும்போது ஒன்று செய்து பாருங்கள். பின்னாலிருந்து ஓங்கி அடிப்பவரைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, வலையருகே குனிந்து நிற்பவரையே கவனியுங்கள். அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவே மாட்டார். பார்க்காமலே, கூட்டாளி எங்கே நிற்கிறார் என்பது அவருக்குத் தெரியும். ஃபூ ஹைஃபெங் முன்னால் அப்படி நின்றவர்கள் இருவர். இருவருக்கும் தங்கம் கிடைத்தது.